எதையும் கேட்காத ஜெபம்

மெர்லிமாவ் வட்டாரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கிளினிக்கில் பெயர் கொடுத்த கையோடு பிரிஜிட்டுக்கும் ஜெபம் கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி போய்விடும். பிள்ளைக்குப் பரீட்சை, மகளுக்கு வரன் அமையவில்லை, வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று எல்லாம் அவளிடம்தான் வரும். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, பசாரில் காய்கறி விற்கிற வேலாயிகூடக் கூடையில் இரண்டு கத்திரிக்காயை அதிகமாகப் போட்டு, "என் பேரப் புள்ளைக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க அக்கா" என்பாள்.

இந்தப் பேர் அவளுக்கு வந்தது அக்கம்பக்கத்துக் கணேஸ்வரனின் குழந்தையால். ஆறு மாதக் குழந்தை மூளைக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது பிரிஜிட் மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தாள். நான்காம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. கணேஸ்வரன் பழனியாண்டவர் பக்தன். ஆனாலும் அவனே வீடு வீடாகப் போய், "பிரிஜிட் அக்கா ஜெபிச்சா நடக்கும்" என்று சொன்னான். குழந்தையைத் தூங்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களையும், மிஸி என்று கூப்பிடுகிற நர்ஸுகளையும் பற்றி யாரும் பேசவில்லை. பிரிஜிட்டும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்போது அவளுக்கு ஐம்பது வயது. ஆயர் குரோவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, முட்டி வலியால் நின்றுவிட்டவள். பிள்ளைகள் இல்லை. கணவன் கிளாரன்ஸ் செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். லாரியைக் கிளப்பும் முன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். அவனுடைய ஜெபம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெபக் குழு பிரிஜிட் வீட்டில் கூடும். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டால் கூடத்தில் பதினைந்து பேர் உட்காரலாம். ஜெபமாலை முடிந்ததும் விண்ணப்பங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, பிரிஜிட் எழுந்து நின்று கைகளை உயர்த்தி வேண்டுவாள். நல்ல கணீரென்ற குரல். அந்தக் குரல் மேலே ஏறும்போது அறை முழுக்க அடங்கிப் போகும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த நேரம் பிரிஜிட்டுக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே கன்வேயர் பெல்ட்டுக்கு முன் தலைகுனிந்து நின்றவளை அங்கே பதினைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான், மார்ச் மாதம், ஷாந்தினி வந்தாள்.

ஷாந்தினியும் அதே தொழிற்சாலைதான். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, பிரிஜிட்தான் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கினாள். விடியற்காலைத் தொழிற்சாலை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, பாதி வழி ஜெபமாலை, பாதி வழி தூக்கம் என்று போவார்கள். பிறகு அவள் அங்கேயே டெக்னீஷியனாக இருந்த திலீபனைக் கட்டிக்கொண்டாள். திலீபன் இந்து. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்து மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை எதிர்க் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

அன்றைக்கு ஷாந்தினி கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

"மார்ல கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க. கேன்சர்தான். ஏப்ரல் பதினெட்டு ஒப்பரேஷனுக்கு டேட் கொடுத்திருக்காங்க."

முப்பத்தைந்து வயதுப் பெண், ஸ்கூல் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிரிஜிட் அவளை நடுவில் உட்கார வைத்துத் தலைமேல் கை வைத்தாள். எல்லாரும் சுற்றி நின்று கைகளை நீட்டினார்கள். குழுவின் மூத்தவள் வெரோனிக்கா பாட்டை ஆரம்பித்துவிட்டாள். பிரிஜிட் ஜெபித்தாள். டாக்டர்களின் கைகளை ஆசீர்வதிக்கச் சொன்னாள், தைரியத்தைக் கேட்டாள், சுகத்தைக் கேட்டாள். ஷாந்தினியின் தலை அவள் உள்ளங்கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை ஜெபித்தும் நடுக்கம் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் ஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பிரிஜிட்டால் தாங்க முடியவில்லை.

"ஆண்டவர் உன்னைச் சுகமாக்கிட்டார்" என்று சொன்னாள். "இப்பவே. இந்த நிமிஷமே. அந்தக் கட்டி கரைஞ்சு போச்சுன்னு ஆண்டவர் சொல்றார், ஷாந்தினி!"

கைதட்டலும் அல்லேலூயாவும் எழுந்தன. ஷாந்தினி தரையில் சரிந்து, நெஞ்சு விம்ம அழுதாள். நடுக்கம் நின்றுவிட்டது. வெளியே போர்ட்டிக்கோவில் கார் கழுவிக்கொண்டிருந்த கிளாரன்ஸ் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். பிறகு குனிந்து குழாயை எடுத்துக்கொண்டான்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே பிரிஜிட் தன்னைக் கேட்டுக்கொண்டாள். உள்ளே ஒரு குரல் கேட்டதா? கேட்கவில்லை. ஒரு பெண்ணின் நடுக்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "நல்லதுக்குத்தானே சொன்னேன். நம்பிக்கையோட ஒப்பரேஷனுக்குப் போவா" என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஷாந்தினி ஒப்பரேஷனுக்குப் போகமாட்டாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஏப்ரல் பதினாறாம் தேதி பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அக்கா, நான் ஆஸ்பத்திரிக்கு போகலை. ஆண்டவர் சுகமாக்கிட்டார்னு சொன்ன பெறகு கத்தி வைக்கப் போனா அவரை நம்பாத மாதிரி ஆயிடும் இல்லையா? எனக்காக நன்றி ஜெபம் சொல்லுங்க."

பிரிஜிட் மீன்கடை ஓரமாக ஒதுங்கி நின்று, "போயிட்டு வாம்மா, டாக்டரும் ஆண்டவர் கொடுத்த" என்று எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். இதை அனுப்பினால் அன்றைக்குச் சொன்னது என்ன ஆகும்? கூடத்தில் கைதட்டிய பதினான்கு பேர் என்ன நினைப்பார்கள்? எழுதியதை அழித்தாள். கூப்பிய கைகள் இரண்டை மட்டும் போட்டு அனுப்பினாள். மீன்காரர் மீதிச் சில்லறையை நீட்டியதை அவள் கவனிக்கவில்லை.

மே மாதம் திலீபன் வீட்டுக்கே வந்தான். ஷிப்ட் முடிந்த களைப்போடு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா, நான் உங்க சாமியைப் பத்தி ஒண்ணும் சொல்ல வரல. அவ கட்டியை நான் தொட்டுப் பாத்தேன். அது அங்கதான் இருக்கு. எத்தனையோ சொல்லிட்டேன், கெஞ்சிட்டேன், கேக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போவாக்கா."

"நான் பேசறேன் தம்பி" என்றாள் பிரிஜிட்.

பேசவும் செய்தாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது ஷாந்தினியின் கையைப் பிடித்து, "டாக்டரையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துரும்மா" என்றாள்.

ஷாந்தினி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஏன் அக்கா? அன்னிக்கி ஆண்டவர் சொன்னதுல உங்களுக்கே டவுட் வந்துருச்சா?"

பக்கத்தில் வெரோனிக்கா நின்றாள். குழுவில் நான்கைந்து பேர் நின்றார்கள். எல்லாக் கண்களும் பிரிஜிட்டின் வாயைப் பார்த்தன. அந்த இடத்தில் ஒரு சொல் போதும். "ஆமாம், டவுட்தான்" என்றால் முடிந்தது.

"சே சே, டவுட்டெல்லாம் இல்லம்மா" என்றாள் பிரிஜிட். "சும்மா ஒரு செக்கப்புக்குச் சொன்னேன்."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு ஷாந்தினி மோட்டாரில் ஏறிக்கொண்டாள். திலீபன் வண்டியைக் கிளப்பும் முன் பிரிஜிட்டைத் திரும்பிப் பார்த்தான். பிரிஜிட் கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

நவம்பரில் ஷாந்தினிக்கு முதுகு வலி வந்தது. தைலம் தேய்த்தார்கள், ஜெபித்தார்கள். ஒரு நாள் வேலை இடத்திலேயே கால் மரத்து விழுந்தாள். திலீபன் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டான். எலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரியில் பிரிஜிட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியான நேரம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். தெரிந்த முகத்தைத் தேடிக் கடந்து போய்விட்டுத் திரும்பி வரவேண்டியிருந்தது. ஷாந்தினி அவ்வளவு மெலிந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா இரு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"வாங்கக்கா" என்றாள் ஷாந்தினி. "நீங்க வருவீங்கன்னு தெரியும்."

கொண்டுவந்த மைலோ பானத்தைக் கரண்டியால் ஊட்டினாள் பிரிஜிட். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"என் விசுவாசத்துல எங்கக்கா கொறை?"

பிரிஜிட் கரண்டியைக் கப்பில் போட்டாள்.

"படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன். எல்லா நாளும் நம்பித்தான் இருந்தேன். மே மாசமோ ஜூனோ, ஒரு நாள் குளிக்கறப்ப கை பட்டுச்சு. பெருசான மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். அந்த ஒரு நிமிஷம் அவரை நம்பல. அதுக்காகவாக்கா அவரு கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்குப் பாடத்தில் தப்பு எங்கே என்று டீச்சரிடம் கேட்கிற குரல். பிரிஜிட் கப்பை மேசைமேல் வைத்தாள். "அப்படியெல்லாம் இல்லம்மா... நேரம் ஆச்சு, மிஸி வராங்க பாரு" என்று என்னவோ சொல்லிவிட்டு வார்டை விட்டு வெளியே வந்தாள்.

கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் காய்ந்த காருக்குள் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தாள். எட்டு வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்கல் இல்லாமல் வரும். ஒன்றுகூட நாக்கில் ஏறவில்லை. யாரோ ஒருவரின் பெயரைப் பொய்ப் பத்திரத்தில் எழுதிவிட்டு அவர் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் கிளாரன்ஸ் வந்ததும், உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பசாரில் அழித்துவிட்டு அனுப்பிய செய்தி வரைக்கும் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"அன்னிக்கி எனக்குக் கேட்டுச்சு" என்றான் கடைசியில். "இது தப்பாச்சேன்னு தோணுச்சு. உள்ள வரலாம்னு பாத்தேன். நீ கோவிச்சுக்குவியேன்னு வரல. அப்புறம் நானும் கேக்கவே இல்ல." பொத்தானை விட்டுவிட்டு, "நாளைக்கு லீவு போடறேன். போயி அந்தப் புள்ளைகிட்ட சொல்லிரு" என்றான்.

மறுநாள் அவன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். பிரிஜிட் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"ஷாந்தினி, உன் விசுவாசத்துல ஒரு கொறையும் இல்ல. அன்னிக்கி ஆண்டவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். எனக்கு எந்தக் குரலும் கேக்கல. நீ பயந்து நடுங்குனதைப் பாக்க முடியாம நானா சொன்னேன். அப்புறம் நீ ஒப்பரேஷனுக்குப் போகலன்னு மெசேஜ் போட்டப்பவும் தெரிஞ்சே சும்மா இருந்தேன். கோயில் படியில கேட்டப்பவும் பொய் சொன்னேன். என் பேரு போயிடும்னு."

ஷாந்தினி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மின்விசிறி சுற்றுவதையே பார்த்தாள். அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"அப்ப ஆண்டவர் என்னை ஏமாத்தல" என்றாள்.

"இல்லம்மா."

"நானும் அவரை ஏமாத்தல."

"இல்லம்மா. ஏமாத்துனது நான்தான்."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். பிரிஜிட்டுக்குத் தெரிந்தவரை அந்த முகத்தில் அப்போது வந்தது ஆறுதல்தான். ஆனால் அது அதிக நேரம் நிற்கவில்லை. ஷாந்தினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குப் பொழைக்கணும்னு ஆசையா இருந்துச்சுக்கா" என்றாள் சுவரைப் பார்த்து. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேன்."

"தெரியும்."

"போங்கக்கா. நாளைக்கு வராதீங்க."

பிரிஜிட் வெளியே வந்தாள். கிளாரன்ஸ் எழுந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

ஐந்து நாள் கழித்துக் காலை பத்து மணிக்குத் திலீபனின் அழைப்பு வந்தது.

"அவ உங்களை வரச் சொல்றா. எல்லாத்தையும் சொல்லிட்டா எங்கிட்ட. எனக்கு உங்க மொகத்தைப் பாக்கவே இஷ்டமில்ல. ஆனா அவ கேக்கறா, அதனால கூப்பிடறேன்."

அவள் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். திலீபன் அவளைக் கண்டதும் எழுந்து வெளியே போனான். ஷாந்தினியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பிரிஜிட் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினாள்.

"ஜெபம் பண்ணவாம்மா?"

"ம். ஆனா ஒண்ணும் கேக்காதீங்கக்கா" என்றாள் ஷாந்தினி. "பத்து மாசமா கேட்டுக்கிட்டே இருந்துட்டோம். அவருக்கும் காது வலிக்கும்லா." சிரிக்கப் பார்த்தாள். "சும்மா இருக்கலாம். அவரு பக்கத்துல, சும்மா."

எதையும் கேட்காமல் எப்படி ஜெபிப்பது என்று பிரிஜிட்டுக்குத் தெரியவில்லை. கையை உயர்த்தவில்லை, குரலும் எழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலும்பாகிப் போன அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். இயேசுவே என்று மனதுக்குள் ஒரு தடவை சொன்னாள். பிறகு அதையும் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், சாப்பாட்டுத் தள்ளுவண்டி போயிற்று. ஷாந்தினியின் மூச்சு ஏறி இறங்கியது. அதனோடு சேர்ந்து பிரிஜிட்டும் மூச்சு விட்டாள். அத்தனை வருடம் கூடம் நிறையப் பேசியபோதெல்லாம் தெரியாத ஒன்று அங்கே இருந்தது. அது ஆறுதல் இல்லை. அவளை அது மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவளை வெளியே போகவும் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் ஷாந்தினி, "அவரைக் கூப்பிடுங்க" என்றாள். பிரிஜிட் எழுந்து போய்த் திலீபனை அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் இருந்தாள். நான்கு மணிக்கு மேல் உள்ளேயிருந்து அவனுடைய அழுகை கேட்டது.

மறுநாள் ஷாந்தினியின் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டுச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வெரோனிக்கா ஜெபப் புத்தகத்தைப் பிரிஜிட்டின் கையில் திணித்து, "நீ ஆரம்பி பிரிஜிட், நீதானே அவளுக்கு எல்லாம்" என்றாள். பிரிஜிட் வேண்டாம் என்று சொல்வதற்குள் திலீபன் எழுந்து வந்தான்.

"இவங்க வேணாம்" என்றான். சத்தம் போடவில்லை, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது. "வேற யாரை வேணும்னாலும் ஜெபிக்கச் சொல்லுங்க. இவங்க வேணாம்."

பிரிஜிட் புத்தகத்தை வெரோனிக்காவிடம் கொடுத்துவிட்டுப் பந்தலைத் தாண்டி, ரோட்டோர லோங்காங் சாக்கடைப் பக்கம் போய் வெயிலில் நின்றாள். ஜெபம் முடியும்வரை அங்கேயே நின்றாள். அவள் பக்கத்தில் வந்து நின்றவன் கிளாரன்ஸ் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை குழு கூடியபோது, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி எழுந்து போய்விட்டாள். வெரோனிக்காவுக்குத்தான் கோபம்.

"இதையெல்லாம் போயி ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லு. எதுக்கு எல்லார் முன்னாடியும் சொல்றே? இனிமே ஜெபத்து மேல யாருக்கு நம்பிக்கை வரும்?"

"எல்லார் முன்னாடியும்தானே வெரோனிக்கா பொய் சொன்னேன்" என்றாள் பிரிஜிட்.

ஃபாதரிடமும் போனாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "ஆண்டவர் பேரால மன்னிப்பு நான் தர்றேன்மா" என்றார். "ஷாந்தினியோட புருஷன் தர வேண்டியதை என்னால தர முடியாது. அதைப் போயி கேட்டு அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. சும்மா காத்திருங்க."

குழு வெரோனிக்கா வீட்டுக்கு மாறியது. பிரிஜிட்டின் ஃபோன் மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் நாளுக்கு இரண்டு செய்தி, பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. அவளுக்கு விசுவாசம் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். நடந்தது தெரியாதவர்கள் யாராவது எப்போதாவது ஜெபம் கேட்டு வருவார்கள். செம்பனைத் தோட்டத்திலிருந்து முத்தாயிக் கிழவி காலில் ஆறாத புண்ணோடு வந்தபோது, "கிளினிக் கார்டு வச்சிருக்கீங்களா? எப்ப வரச் சொன்னாங்க?" என்றுதான் பிரிஜிட் முதலில் கேட்டாள். கிழவி ஏமாந்த முகத்தோடு பார்த்தாள். அவள் கேட்டு வந்தது வேறு. கார்டைப் பார்த்தால் தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரிஜிட் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிழவியின் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் தப்பியது. "அந்தம்மா ஜெபிச்சிருந்தா காலும் தப்பியிருக்கும்" என்று முத்தாயி வீட்டில் பேசிக்கொண்டதாக வேலாயி வந்து சொன்னாள்.

சாயங்காலங்களில் பிரிஜிட் தனியாக உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஜெபம் வரும், பல நாள் வராது. வராத நாளிலும் அந்த நாற்காலியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் ஐந்து மணிக்குப் பூசை. திலீபன் வருவான், அவன் கண்ணில் படக்கூடாது என்று பிரிஜிட் மூன்று மணிக்கே கிளம்பினாள். அவள் கண்ணில் படக்கூடாது என்று அவனும் மூன்று மணிக்கே வந்திருந்தான்.

வேலைச் சட்டையோடு குத்துக்காலிட்டு, கல்லறைமேல் முளைத்த புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு முழம் மல்லிகையும் மெழுகுவர்த்திக் கட்டும் ஓரமாக இருந்தன. பிரிஜிட்டைப் பார்த்ததும் எழுந்தான். அவள் திரும்பி நடந்தாள்.

"நில்லுங்க" என்றான்.

நின்றாள்.

"படுக்கறதுக்கு முன்னாடி அவ ஒண்ணு சொல்லுவா. தெனமும். நான் ஃபோனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன், காதுல விழும், ஆனா ஒரு நாளும் கவனிச்சுக் கேட்டதில்ல. மரியேன்னு வரும்." மண் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தான். "பதினோரு வருஷம். எனக்கு ஒரு வரிகூட வரல. அது என்னான்னு சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி."

அவள் ஒரு வரி சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். தேவதாயைப் புகழ்கிற முதல் பாதி. சில சொற்கள் அவன் வாயில் தடுமாறின. அவள் மறுபடி மெதுவாகச் சொன்னாள். பிறகு மன்றாட்டு வந்தது. கடைசியில், நாங்கள் சாகும் நேரத்திலும் என்று வரும் இடத்தில் அவன் நின்றுவிட்டான். தோள் குலுங்கியது.

"மீதிய நீங்களே சொல்லிருங்க" என்றான்.

அவள் சொல்லி முடித்தாள். காற்று இருந்ததால் மெழுகுவர்த்தி பிடிக்கவில்லை. இரண்டு தீக்குச்சி அணைந்த பிறகு பிரிஜிட் குனிந்து கையால் மறைத்துக்கொண்டாள். மூன்றாவது குச்சியில் திரி பிடித்துக்கொண்டது.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றான் திலீபன், தீபத்தைப் பார்த்தபடியே.

"நெனைக்கல."

அவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். வாரைப் பூட்ட இரண்டு மூன்று தடவை தவறியது. கடைசியில் பூட்டிக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே கால் படாமல் விலகி விலகி நடந்து, மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவன் பிடுங்காமல் விட்ட புல் தலைமாட்டில் கொஞ்சம் இருந்தது. பிரிஜிட் முட்டி வலியோடு மெல்ல மண்டியிட்டு, அதைப் பிடுங்க ஆரம்பித்தாள்.